வடிவுக்குச் சொன்ன படங்கள்

ஜூன் 2, திங்கள்

காலை 118/76. மாலை 122/78.

தினமும் இரண்டு வேளை ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துவைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன மெஷினும் ஓர் அட்டையும் கொடுத்தார்கள். அட்டையை எங்காவது வைத்துத் தொலைத்துவிடுவேன் என்று எதிர்க்கடையில் இந்த நோட்டை வாங்கினேன். முதல் பக்கத்தில் பெயர் எழுதியாயிற்று: ஆவுடையப்பன், வயது 41, அம்பாசமுத்திரம். இரண்டு எண் எழுத ஒரு பக்கம் அதிகம். மீதி இடத்தில் படக்கதை எழுதப்போகிறேன்.

படக்கதை வடிவுக்காக. என் தங்கைக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு மூன்று வருடம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். நான்கு மணி நேரம் இடது கையில் இரண்டு ஊசியோடு அசையாமல் படுத்திருக்க வேண்டும். போனில் படம் பார்த்தால் தலை சுற்றுகிறது என்கிறாள். கல்யாணத்துக்கு முன்பு, வெள்ளிக்கிழமை வந்த படத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இன்று பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் சொன்னாள்:

"டெஸ்ட்டு இல்லாத நாள்ல லாட்ஜுல விட்டத்தப் பாத்துக்கிட்டுத்தான கெடப்ப. படம் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுண்ணே."

எனக்குப் படம் பார்த்துப் பழக்கமில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறவன் வருடத்துக்கு ஒரு படம் பார்த்தால் பெரிது. சரி என்றேன். அவளுக்கு நான் சிறுநீரகம் கொடுக்க முடியுமா என்று பார்க்கிற பரிசோதனைகள் முடிய மூன்று வாரம் ஆகுமாம். மதுரையில் தியேட்டருக்கா பஞ்சம்.

ஜூன் 3, செவ்வாய்

120/78. 120/80.

பகல் காட்சி. பெரிய நடிகர் படம். இடைவேளைக்கு முன் கதாநாயகன் வயிற்றில் கத்தியை இறக்கிவிடுகிறார்கள். முக்கால் அடி நீளக் கத்தி. இடைவேளை முடிந்து டீ குடித்துவிட்டு வந்தால் சட்டையைக் கழற்றிவிட்டு இருபது பேரை அடிக்கிறான். தையலைக் காணோம், தழும்பையும் காணோம். பக்கத்து சீட்டுக்காரர் விசில் அடித்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தத் தையல் எங்கே போனது என்பதிலேயே மனம் நின்றுவிட்டது.

என் கருத்து: சத்தம் அதிகம். வில்லன் நன்றாகப் பேசினான். ஒரு தடவை பார்க்கலாம்.

ஜூன் 4, புதன்

118/78. 122/80.

கதை சொன்னேன். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. வடிவு விடவில்லை. கதாநாயகிக்குப் படத்தில் என்ன வேலை, எத்தனை பாட்டு, அம்மாவாக யார் வந்தது என்று குடைந்தாள். கத்திக்குத்தைப் பற்றி மட்டும் விவரமாகச் சொன்னேன். "நீ என்னண்ணே, டாக்டருக்குப் படிச்சவன் மாதிரி பாத்திருக்க" என்று சிரித்தாள். அடுத்த தடவை சேலை நிறம் முதற்கொண்டு பார்த்துவைக்க வேண்டும்.

ஜூன் 7, சனி

122/80. 128/82.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பொருத்தம் நன்றாக இருக்கிறதாம். வடிவின் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் மாப்பிள்ளை கேன்டீனில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். அவருடைய ரத்த வகை சேரவில்லை. எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை. நான்தான் மிச்சம். எல்லோரும் பார்க்கிறார்கள், கையை விடுங்கள் மாப்பிள்ளை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

மெஸ் சாப்பாடு சப்பென்று இருக்கிறது. எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் வாங்கிவைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

126/82. 130/82. ஊறுகாய் பரவாயில்லை.

ஜூன் 10, செவ்வாய்

130/84. 132/86.

பேய்ப்படம். தெலுங்கிலிருந்து தமிழில் பேசவைத்தது. ஒரு பங்களா, அதில் ஓர் அறை. அந்த அறைக்குள் போனவர்கள் திரும்பியதில்லை என்று வேலைக்காரி முதல் காட்சியிலேயே சொல்லிவிடுகிறாள். இருந்தும் ஒவ்வொருவராகப் போகிறார்கள். யாரும் அவர்களைத் தள்ளவில்லை. தானாகக் கதவைத் திறந்துகொண்டு போகிறார்கள். தியேட்டரில் எல்லோரும் "போகாத, போகாத" என்று கத்தினார்கள்.

என் கருத்து: பேய் வந்த பிறகு பயமில்லை. கதவில் கை வைக்கிறவரைதான் பயம். அதற்கப்புறம் வெறும் சாயம்தான்.

மத்தியானம் மெஸ்ஸில் கருவாடு போட்டார்கள். இரண்டு துண்டு கூடக் கேட்டு வாங்கினேன்.

ஜூன் 12, வியாழன்

134/86. 136/88.

வெள்ளைக்காரப் படம், தமிழில். விண்கலம் ஒன்றில் ஆறு பேர். காற்று ஐந்து பேருக்குத்தான் காணும். ஒருத்தன் உடனே "நான் இறங்கிக்கொள்கிறேன்" என்கிறான். கண் இமைக்கவில்லை. மற்றவர்கள் அழுகிறார்கள், அவன் சிரித்தபடி கதவைத் திறந்து இருட்டுக்குள் மிதந்து போகிறான். முடிவில் அவன் பெயரை ஒரு பள்ளிக்கூடத்துக்கு வைக்கிறார்கள்.

என் கருத்து: படம் பிடித்தவிதம் அருமை. ஆனால் அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று படத்தில் இல்லை. ஆறு பேர் ஒரு சின்ன அறையில் இருக்கிறார்கள், யாரும் பேசவில்லை. அந்த அமைதி தாங்காமல் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பான் என்று தோன்றியது.

மார்ச் மாதம் டாக்டர் அறையில் அப்படித்தான் இருந்தது. "குடும்பத்துல யார் முன்வருவீங்க?" என்று கேட்டார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வடிவு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் தாரேன்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான்.

ஜூன் 13, வெள்ளி

136/86. 138/88.

விண்கலக் கதையை வடிவுக்குச் சொன்னேன். அவன் கடைசியில் திரும்பி வந்துவிட்டான் என்று மாற்றிச் சொன்னேன். அவளுக்கு நிம்மதி. எனக்குத்தான் பொய் சொல்ல இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று இருந்தது.

ஊறுகாய் தீர்ந்தது. இன்னொன்று வாங்கினேன், மாங்காய்.

ஜூன் 16, திங்கள்

140/90. ஆஸ்பத்திரியில் 146/92.

டாக்டர் நோட்டைக் கேட்டார். எண்களை மட்டும் வாசித்துக் காட்டினேன். முகம் சுருங்கியது. "நாப்பத்தொரு வயசுல இப்படி ஏறுதே. உப்பு சேத்துக்கிறீங்களா?" என்றார். இல்லை என்றேன். அழுத்தம் இப்படியே நின்றால் என்னை எடுக்க முடியாது என்றும், இருபத்துநான்கு மணி நேரம் கையிலேயே கட்டிப் பார்க்கிற மெஷினை வியாழக்கிழமை மாட்டலாம் என்றும் சொன்னார்.

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. வெளியே வந்ததும் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். தோளில் கை போட்டு, "மனசப் போட்டு ஒழப்பாதிய மச்சான்" என்றார். தியேட்டருக்குப் போகவில்லை.

ஜூன் 18, புதன்

138/90. மாலை பார்க்கவில்லை.

கோமதி ஊரிலிருந்து வந்தாள். மனைவியின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் கணவனிடமிருந்து எடுக்கமாட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து கையெழுத்து என்றால் இரண்டு தடவை வாசித்து மூன்று கேள்வி கேட்கிறவள். இதையும் கேட்பாள், தயங்குவாள், அழுவாள் என்று நினைத்திருந்தேன்.

அறைக்கு வந்ததும் பெருக்க ஆரம்பித்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு ஊறுகாய் பாட்டில், ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு, அப்பளக் கட்டு எல்லாம் வந்தது. ஒன்றும் கேட்கவில்லை. பாட்டிலைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்துவைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாளை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டாள். பஸ் ஏறும்போதுதான் பேசினாள்.

"நான் தடுப்பேன்னு பாத்திய. நான் தடுக்கல. மாட்டேன்னா அத நீங்கதான் சொல்லணும்."

ஜூன் 19, வியாழன்

கையில் மெஷின் கட்டியிருக்கிறது. அரை மணிக்கு ஒரு தடவை தானாகப் புஸ்ஸென்று காற்று ஏறிக் கையை நெரிக்கிறது.

அதோடேயே போய் ஒரு குழந்தைகள் படம் பார்த்தேன். காட்டு மிருகங்கள் பேசுகிற கார்ட்டூன். முள்ளம்பன்றி ஒன்று, பயம் வந்தால் உருண்டைபோல் சுருண்டுவிடுகிறது. ஒவ்வொரு தடவை சுருளும்போதும் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு பாப்பா என் கை மெஷின் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்து, "அந்த மாமாவுக்கு என்னம்மா?" என்று கேட்டது.

என் கருத்து: இந்த நோட்டில் உள்ள படங்களில் இதுதான் நல்ல படம்.

ஜூன் 20, வெள்ளி

மெஷினைக் கழற்றிப் பார்த்தார்கள். சராசரி 124/79. மருந்துகூட வேண்டாமாம். ஆஸ்பத்திரியைப் பார்த்துப் பயந்து ஏறியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். மாப்பிள்ளை மறுபடியும் இளநீர் வாங்கப் போனார்.

மாலையில் மனநல ஆலோசகர் என்னைத் தனியாகப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும், பெயர் செல்வராணி. கதவைச் சாத்திவிட்டு, வீட்டில் யார் யார், தூக்கம் எப்படி என்று சாதாரணமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்த ரூமுல நீங்க சொல்றது வெளிய போகாது. உங்களுக்கு வேண்டாம்னு தோணுச்சுன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். இவர எடுக்க முடியாதுன்னு மட்டும் நாங்க வீட்டுல சொல்லிருவோம். காரணம் சொல்ல மாட்டோம். உங்க தங்கச்சிக்கும் தெரியாது."

தண்ணீர் கேட்டேன். குடித்தேன். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 21, சனி

இந்திக் காதல் படம். மூன்று மணி நேரம். எதுவும் நினைவில்லை. பனிமலை இருந்தது.

ஜூன் 23, திங்கள்

காலையில் அந்த மேடத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

என்னை எடுக்க முடியாது என்று நேற்று மாலை வடிவிடமும் மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டார்கள். "அந்த மெஷின் தப்பாக் காட்டியிருக்கும், மச்சானுக்கு பிபி இருக்கத்தான் செய்யுது" என்று மாப்பிள்ளையே முடிவு கட்டிவிட்டார். நான் தலையை ஆட்டினேனா என்று ஞாபகமில்லை. ஆட்டியிருப்பேன்.

ஊருக்குக் கிளம்பும் முன் வடிவைப் பார்க்கப் போனேன். அழுது முடித்துவிட்டு முகம் கழுவி உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஆறுதல் சொன்னாள். "ஒடம்பப் பாத்துக்கண்ணே. மதினிட்ட சொல்லி உப்பக் கொறைக்கச் சொல்லு. ஒனக்கும் ஒண்ணு வந்துட்டா நான் எங்க போவேன்?"

அரசாங்கப் பட்டியலில் பெயர் பதிந்து காத்திருக்கிறாள். எப்போது வருமோ. நாலு வருடம், அஞ்சு வருடம் என்கிறார்கள்.

ஜூன் 30, திங்கள்

கடை திறந்தேன். இரண்டு பம்புசெட் மோட்டார் எரிந்து வந்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் விசாரிக்கிறார்கள். ரைஸ் மில்காரர் கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, "கொடுக்கணும்னு போனியே, அதுவே பெருசு. இந்தக் காலத்துல எந்த அண்ணன் வாரான்?" என்று நாலு பேர் காதுபடச் சொன்னார்.

கோமதி உள்ளே சாப்பாட்டுத் தூக்கோடு நின்றாள். அவர் போனதும் தூக்கைப் பலகையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 4, வெள்ளி

வடிவு டயாலிசிஸ் படுக்கையிலிருந்து போன் செய்தாள். இனி போனில் கதை சொல்ல வேண்டுமாம். நேற்று ஒரு படம் பார்த்திருந்தேன்: கூட்டுக் குடும்பம், பாகப்பிரிவினை, கடைசியில் எல்லோரும் கோயிலில் சேர்ந்து போட்டோ எடுக்கிறார்கள். நடித்தவர்கள் எல்லோரும் நன்றாக அழுதார்கள். அழுகையை மிச்சம் வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

சேலை நிறம், பாட்டு, சமையல் எல்லாம் சொன்னேன். நாற்பது நிமிடம். இடையிடையே அவளுக்கு மூச்சு வாங்கியது. "நல்லாச் சொல்லப் பழகிட்ட" என்றாள்.

ஜூலை 9, புதன்

சலூனில் முடி வெட்டுகிறவர் புதியவர். தென்காசிக்காரர். என்னை யாரென்றே தெரியாது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே ஆரம்பித்து, தங்கைக்குச் சிறுநீரகம் கொடுக்கப் போனதையும், எல்லாம் பொருந்தி வந்து கடைசியில் பிபியால் தட்டிப்போனதையும் சொன்னேன். அவர் உச்சுக் கொட்டினார். "உங்க நல்ல மனசுக்கு ஒரு கொறையும் வராது" என்றார். சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் ஆற்றுப்பாலத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். யாரும் கேட்காமல் ஏன் சொன்னேன்? பாதி முடி வெட்டிய தலையோடு கண்ணாடியில் நான் சொல்வதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

ஜூலை 12, சனி

மாப்பிள்ளை போன். வடிவின் கை ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்திருக்கிறார்கள். அதில் கிருமி ஏறிக் குளிர்காய்ச்சல். தீவிர சிகிச்சையில் வைத்திருக்கிறார்கள்.

கோமதி பையில் என் துணியை எடுத்துவைத்தாள். ஊறுகாய் வேண்டுமா என்று கேட்பாளோ என்று பயந்தேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

ஜூலை 14, திங்கள்

ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். கண் திறக்கவில்லை. முகம் வீங்கி அம்மா மாதிரி இருந்தாள். அவளுடைய எட்டு வயது மகளை ஊரிலிருந்து அழைத்து வந்திருக்கிறார்கள். எதற்கு அழைத்து வந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை என் மடியில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

காய்ச்சல் இறங்கவில்லை.

ஜூலை 16, புதன்

மாலையில் இறங்கியது. கண் திறந்து, மகள் சாப்பிட்டாளா என்று கேட்டாளாம்.

ஜூலை 17, வியாழன்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மாப்பிள்ளை மருந்து வாங்கப் போனார். வடிவும் நானும் மட்டும். கழுத்தில் கட்டோடு, குரல் எழும்பாமல், "என்ன படம் பாத்த?" என்று கேட்டாள்.

படம் ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். பிறகு சொல்லிவிட்டேன். எல்லாம். ஊறுகாய், கருவாடு, டாக்டரிடம் சொன்ன பொய், அந்த மேடத்தின் அறை, எனக்கு பிபியே இல்லை என்பது.

அவள் சொட்டுமருந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயமாண்ணே?"

"ஆமா."

"எனக்கு மூணு வருசமாப் பயம். நான் யார்ட்டச் சொல்ல?"

நான் கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டாள்.

"நீ மாட்டேன்னு சொல்லிருந்தா நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன். ஒன் ஒடம்பு, ஒன் இஷ்டம். ஆனா ஒனக்கு பிபின்னு சொல்லி நான் ஒனக்காக ரெண்டு நாள் அழுதேன். அத எப்படிப் பாத்துக்கிட்டு நின்ன? வெளிய போ."

போனேன்.

ஜூலை 18, வெள்ளி

டயாலிசிஸ் நேரத்தில் போய் நின்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கீழே மருந்துக்கடைக்கு எதிரே உள்ள பெஞ்சில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்.

ஜூலை 21, திங்கள்

செல்வராணி மேடத்திடம் போய், கொடுக்கிறேன் என்றேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் மாறவே இல்லை. குற்ற உணர்ச்சியில் வருகிறவர்களை எடுப்பதில்லை என்றார். கொடுத்தால் தங்கை மன்னித்துவிடுவாள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார்.

"மன்னிக்க மாட்டா மேடம். அவள எனக்குத் தெரியும்."

"பயம்?"

"அப்படியேதான் இருக்கு."

"பின்ன எதுக்கு?"

சலூனில் நடந்ததைச் சொன்னேன். இப்படியே விட்டால் இன்னும் முப்பது வருடம் ஊரில் எல்லோரும் என்னை நல்லவன் என்று சொல்வார்கள், நானும் அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே இருப்பேன், அது இதைவிடப் பயமாக இருக்கிறது என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். இரண்டு வாரம் போகட்டும், அப்போதும் தோன்றினால் வாருங்கள், வராவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள் என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

வாங்கிக்கொள்கிறவளும் சம்மதிக்க வேண்டுமே. கோமதி மதுரைக்கு வந்து வடிவோடு பேசினாள். ஒரு மணி நேரம். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. வடிவு சொல்லியனுப்பியதை மட்டும் அப்படியே ஒப்பித்தாள்:

"எம் மகளுக்காக வாங்கிக்கிடுதேன். ஆனா அவன் எங்கிட்டப் பேச வேண்டாம்."

நியாயம்தான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

120/80. 122/78.

இரண்டு வாரம் முடிந்தது. காலையில் மேடத்திடம் மறுபடியும் அதையே சொன்னேன். இந்தத் தடவை கையெழுத்து வாங்கினார். மறுபடி எல்லாப் பரிசோதனையும்.

மாலைக் காட்சி, மலையாளப் படம். ஒரு கிராமத் தபால்காரர். ஒருத்தருக்குச் சாவுச் செய்தி கொண்டுபோக வேண்டும். போகிற வழியெல்லாம் நிற்கிறார், டீ குடிக்கிறார், மழைக்கு ஒதுங்குகிறார், யாரோ ஒருவருக்கு ஏணி பிடிக்கிறார். இரண்டு மணி நேரம் இதுதான். கடைசியில் வீட்டுக்குள் போகிறார், கதவு சாத்துகிறது, படம் முடிந்துவிடுகிறது. தியேட்டரில் மொத்தம் ஒன்பது பேர். மூன்று பேர் பாதியில் எழுந்து போனார்கள். நான் விளக்குப் போட்ட பிறகும் உட்கார்ந்திருந்தேன். சொல்வதற்கு ஆள் இல்லாமல் பார்த்த முதல் படம் இது. சேலை நிறத்தைக் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

அனுமதிக் குழு. ஐந்து பேர், ஒரு வீடியோ கேமரா. யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார்கள். இல்லை. பணம் கைமாறியதா? இல்லை. ஆபரேஷனில் உயிருக்கு ஆபத்து உண்டு, சின்ன அளவுதான், ஆனால் உண்டு, புரிகிறதா? புரிகிறது என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. கேமராக்காரர் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன்.

வடிவு அதே அறையில் மூன்று நாற்காலி தள்ளி இருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

நாளைக் காலை ஆறரைக்கு. மத்தியானமே சேர்த்துவிட்டார்கள். வயிற்றில் சவரம் செய்து பேனாவால் ஒரு பக்கம் அடையாளம் போட்டிருக்கிறார்கள். 138/88. இந்தத் தடவை ஊறுகாய் இல்லை. செவிலி இரண்டாவது தடவை பார்த்துவிட்டு, எல்லோருக்கும் இப்படித்தான் ஏறும் என்றாள்.

கோமதி கால்மாட்டில் உட்கார்ந்து என் கால் நகத்தை வெட்டிவிட்டாள். இப்போதுகூட எழுந்து போய்விடலாம் என்று ஒரு தடவை சொன்னேன். செருப்பு கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது என்றாள். அடுத்த காலை நீட்டச் சொன்னாள். நீட்டினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வலி. எழுத முடியவில்லை. வடிவுக்கு வைத்த சிறுநீரகம் ஓடுகிறதாம். உடனே ஓடியதாம்.

ஆகஸ்ட் 23, சனி

வார்டு டிவியில் ஒரு பழைய நகைச்சுவைப் படம். சோற்றுக் கடையில் இரண்டு பேர் ஒரே இலைக்குச் சண்டை போடுகிறார்கள். சிரித்தால் தையல் பிய்கிறது. தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செவிலி வந்து டிவியை அணைத்துவிட்டாள்.

என் கருத்து: நல்ல படம். ஆபரேஷன் ஆனவர்கள் பார்க்கக் கூடாது.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று நடக்கவைத்தார்கள். கோமதி ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம். வடிவு தனி அறையில் இருக்கிறாள். யாரும் உள்ளே போகக் கூடாது, கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். உள்ளே ஒரு போன், வெளியே ஒரு போன். பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். பேசக் கூடாது என்று சொன்னவளாயிற்றே.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வீக்கம் இல்லை. நிறம் மாறியிருந்தது. மூன்று வருடத்துக்கு முந்திய முகம். என்னைப் பார்த்தாள். கோமதி வெளியே இருந்த போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். வடிவு தன் பக்கத்துப் போனை எடுக்கவில்லை. நான் காதில் வைத்தபடி நின்றேன். கடைசியில் எடுத்தாள்.

"வலிக்கா?"

"கொஞ்சம்."

"எனக்கு ஒம் மேல உள்ள கோவம் போகல. இதக் குடுத்துட்டதால போயிரும்னு நெனைக்காத."

"நெனைக்கல."

"போறப்பப் போகும். அதுவரைக்கும் நீ ஒண்ணும் கேக்கக் கூடாது."

சரி என்றேன். அவள் போனை வைக்கவில்லை. செவிலி ஒரு பெரிய டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீர் அளந்துதான். மூன்று வருடமாக நாள் முழுவதற்கும் அரை லிட்டர்; அதில்தான் மாத்திரை, காப்பி, எல்லாம். வாய் காய்ந்தால் ஐஸ் துண்டை வாயில் போட்டுத் துப்புவாள் என்று மாப்பிள்ளை ஒரு தடவை சொன்னார். இப்போது மணிக்கு ஒரு டம்ளர் குடிக்க வேண்டுமாம்.

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே குடிக்க ஆரம்பித்தாள். இடையில் நிறுத்தவில்லை. தொண்டையில் இறங்குகிற சத்தம் போனில் கேட்டது. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, வாயைத் துடைக்காமல், காலி டம்ளரைச் செவிலியிடம் நீட்டினாள்.

"இன்னொண்ணு" என்றாள்.